அறிவுரைப் பலகைக்குப் பின்னால் மறைக்கப்படும் உழைப்பு

பெங்களூருவின் வெளிவட்டச் சாலையை ஒட்டி எழுந்துள்ள கண்ணாடி மாளிகைகளில், பல நிறுவனங்கள் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் பணியிடங்கள் பெருகிவிட்டன. இருக்கைக் கணக்கில் மாத வாடகை. இணையம், குளிர்சாதனம், காபி, பேன்ட்ரி எனப்படும் சிறு சமையலறை ஆகிய அனைத்தும் அந்த வாடகையில் அடக்கம். அச்சமையலறையின் குப்பைத் தொட்டிகளுக்கு மேலே ஓர் அறிவுரைப் பலகை தவறாமல் தொங்குகிறது: ஈரக் கழிவையும் உலர் கழிவையும் பிரித்துப் போடுங்கள், தூய்மை உங்கள் பொறுப்பு.

பிற்பகல் இரண்டு மணிக்கு அத்தொட்டிகளைப் பார்த்தால் பலகையின் பயன் விளங்கும். சாம்பார் வடியும் பிளாஸ்டிக் டப்பா, பாதி தின்ற சப்பாத்தி, தேயிலைச் சக்கை, காகிதக் கோப்பை எல்லாம் ஒன்றாகக் கலந்து விளிம்பு தாண்டி வழியும். உடனே நிர்வாகத்தின் மின்னஞ்சல் வரும்: ஊழியர்களுக்குப் பொறுப்புணர்வு போதவில்லை. ஊழியர்களும் ஒருவரையொருவர் குறைகூறத் தொடங்குவர். நூறு பேர் உண்ணும் இடத்தில் இரண்டே தொட்டிகளை வைத்தவர் யார், உணவு வேளையில் அவற்றை அகற்ற ஆளில்லாமல் செய்தவர் யார் என்ற கேள்விகள் மட்டும் எழுவதில்லை.

காகிதக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதனால் அது முழுமையாக மக்குவதில்லை, காகிதமாக மறுசுழற்சி செய்வதும் கடினம். எந்தத் தொட்டியில் போட்டாலும் பிழையாகும் பொருளைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டு, அதைச் சரியாகப் போடத் தெரியவில்லை என்று ஊழியரைக் கடிந்துகொள்வது என்ன நியாயம்? எவர்சில்வர் டம்ளர் வைத்தால் கழுவ ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி தர வேண்டும். அந்தக் கூலியை மிச்சப்படுத்தும் கணக்கே குப்பையாகித் தொட்டியில் விழுகிறது.

பிரிப்பது யார் கை?

மேலே பிரிக்கப்படாத குப்பையைக் கீழே ஒருவர் பிரித்தாக வேண்டும். அடித்தள வாகன நிறுத்துமிடத்தின் மூலையில், மெல்லிய கையுறை அணிந்த ஒப்பந்தத் தொழிலாளி அதைச் செய்கிறார். சில வேளைகளில் அந்தக் கையுறையும் இருப்பதில்லை. இந்நகரின் துப்புரவுப் பணியில் பெரும்பாலோர் தலித் பெண்கள் என்பது தற்செயலன்று. சாதி திணித்த வேலையை ஒப்பந்தமுறை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறது.

பிரிக்கும் கடமை கழிவை உண்டாக்குவோருக்கே உரியது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் கட்டடங்களுக்குத் தனிப் பொறுப்பும் வகுத்தன. ஆனால், பகிர்ந்த பணியிடத்தில் அப்பொறுப்பு யாருடையது? வாடகை நிறுவனம் இடத்தை நடத்துபவரைக் கைகாட்டும். அவர் கட்டட உரிமையாளரையும், உரிமையாளர் பராமரிப்பு ஒப்பந்ததாரரையும், ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரையும் கைகாட்டுவர். கடைசியில் நிற்கும் தொழிலாளிக்கோ கைகாட்ட எவருமில்லை.

சட்டம் யார் பக்கம்?

ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பான தொகுப்பு இந்த அநீதிக்குச் சட்ட முத்திரை குத்துகிறது. நிறுவனத்தின் மையச் செயல்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக் கூடாது என்று அது பெருந்தன்மையோடு தொடங்குகிறது. அடுத்து, கூட்டுதல், தூசு தட்டுதல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்து அகற்றுதல், உணவகப் பணி ஆகியவை, நிறுவனம் அவற்றுக்கென்றே அமைக்கப்பட்டிராவிட்டால், இன்றியமையாதவை ஆகா என விலக்கிவிடுகிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 20 பேர் என்றிருந்த வரம்பும் 50 பேராக உயர்த்தப்பட்டுள்ளது. ஒரே கட்டடத்தின் வேலையைப் பல சிறு ஒப்பந்தங்களாகக் கூறுபோட முதலாளிகளுக்கு இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

குப்பை அகற்றுவது இன்றியமையாததா என்பதைப் பெங்களூரு 2012இலேயே அறிந்துகொண்டது. மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட்டபோது நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. தங்கள் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கிய கிடங்கை எதிர்த்து மண்டூர் கிராம மக்களும் போராட வேண்டியிருந்தது. நகரம் பிரிக்காமல் கொட்டியதன் விலையை அவர்கள் செலுத்தினர்.

இதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் சுற்றுச்சூழல் கவலை, வர்க்கப் போராட்டத்தில் இதற்கென்ன இடம் என்று நம் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கலந்த குப்பைக்குள் கைவிடுவது ஒரு தொழிலாளியின் கை என்பதே அவர்களுக்கான விடை. பிரித்துப் போடுவது அந்தத் தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமை. அதில் தயக்கமே கூடாது. ஆனால் அக்கடமையைக் காட்டித் தன் கடமையிலிருந்து நிர்வாகம் நழுவுவதை அனுமதிக்க முடியாது.

2022 ஜூலையில் கர்நாடகத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பணி நிரந்தரம் குறித்து மாநில அரசு வாக்குறுதி அளிக்க நேர்ந்தது. 2025 மே தினத்தன்று பெங்களூருவில் ஆயிரக்கணக்கானோர் நிரந்தரப் பணி ஆணை பெற்றனர். தெருவைக் கூட்டுவோர் ஒன்றுபட்டு வென்றதைக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் துடைப்பவரும் வெல்ல முடியும்.

அதற்கான கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு கட்டடத்திலும் முதன்மை வேலையளிப்பவர் யார் என்பது எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் நேரடியாகப் பணியமர்த்தப்பட வேண்டும். தரமான கையுறை, காலணி, குளியலறை, உணவருந்தும் அறை வழங்கப்பட வேண்டும். போதிய தொட்டிகளும் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களும் நிர்வாகத்தின் செலவிலேயே வைக்கப்பட வேண்டும்.

தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்கள் இக்கோரிக்கைகளைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கணினி முன் அமர்ந்திருப்பவரும் தொட்டியைத் தூக்கிச் செல்பவரும் ஒரே கூரையின் கீழ் சுரண்டப்படும் தொழிலாளர்கள். நிர்வாகத்திடம் அவர்கள் சேர்ந்தே செல்ல வேண்டும்.