பனிக்கட்டியில் குடித்தனம்! ஓசூர் லாரிக்கும் அதற்கும் என்ன உறவு?

பனிக்கட்டியில் உயிர் வாழுமா?

"வாழாது" என்றுதான் எவரும் சொல்வார்கள். மீன் கெடாமல் இருக்கப் பனிக்கட்டி போடுகிறார்கள். தடுப்பு மருந்தையும் குளிர்ப்பெட்டியில்தான் வைக்கிறார்கள். குளிரில் கிருமி அடங்கிக் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால், எல்லாக் கிருமியும் அப்படி அடங்கிவிடுவது இல்லை! இமயமலைப் பனியிலும், கிரீன்லாந்துப் பனியிலும், தென் துருவப் பனியிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன. பிறப்பும் அங்கேதான். சாப்பாடும் அங்கேதான். சாவும் அங்கேதான்.

அந்தக் குடித்தனத்துக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரில் தயாராகும் லாரிக்கும் உறவு உண்டு. அது எப்படி?

சிவப்புப் பனி!

1818-ம் ஆண்டு. ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் கிரீன்லாந்துக் கரையோரமாகப் போனார். மலைச்சரிவில் பனி சிவப்பாகக் கிடந்தது. ரத்தம் சிந்தியது போல இருந்தது!

அது ரத்தம் அல்ல, பாசி. குளத்துப் பாசிக்கு அது தூரத்து உறவு. பனிமலையில் வெயில் கடுமையாக இருக்கும். அதில் இருந்து தப்பிக்க, அந்தப் பாசி ஒரு சிவப்புப் பொருளைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. காரட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருளும் அதுவும் ஒரே இனம்.

1870-ம் ஆண்டு சுவீடன் நாட்டைச் சேர்ந்த நார்டன்ஷீல்டு என்பவர் கிரீன்லாந்துக்குப் போனார். அங்கே பனியில் சிறு சிறு குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் கரிய வண்டல் கிடந்தது. அதற்கு அவர் "கிரையோகோனைட்" என்று பெயர் வைத்தார். "குளிர்த் தூசி" என்று பொருள்.

காற்றில் வரும் தூசி பனிமேல் விழுகிறது. கறுப்புத் தூசி வெயிலில் சூடாகிறது. சுற்றியுள்ள பனி உருகிக் குழி உண்டாகிறது. குழியில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் துளித் தண்ணீரில் பாசி வளர்கிறது, பாக்டீரியா வளர்கிறது. அவற்றைத் தின்ன, "நீர்க்கரடி" என்ற எட்டுக் கால் பிராணியும் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, பெயரோ கரடி!

இமயமலைப் பூச்சி

1984-ம் ஆண்டு ஜப்பான் விஞ்ஞானி கோஷிமா, நேபாளத்து லாங்டாங் பகுதியில் ஒரு பனி ஆற்றில் ஒரு பூச்சியைக் கண்டதாக அறிவித்தார். பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரிக் குளிரிலும் அது நடமாடுகிறது! பனியில் உள்ள பாசியும் பாக்டீரியாவும்தான் அதற்கு ஆகாரம்.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. இமயமலையில் உள்ள பிண்டாரிப் பனி ஆற்றை ஒட்டிய மண்ணை எடுத்து, ஐதராபாத்தில் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு புது பாக்டீரியா கிடைத்தது. அந்த மலைக்கு மரியாதையாக, "பிண்டாரியென்ஸ்" என்று அதன் பெயரில் சேர்த்தார்கள்.

இந்த உயிர்களால் பயனும் உண்டு. குளிரில் வேலை செய்யும் நொதிப்பொருள் இவற்றிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட நொதியைச் சலவைத் தூளில் சேர்த்தால், வெந்நீர் இல்லாமலே அழுக்குப் போகும்.

பிறகு என்ன கெடுதல்?

வெள்ளை கறுத்தால் ஆபத்து

வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டவருக்குச் சூடு குறைவு. கறுப்புச் சட்டை போட்டவருக்குச் சூடு அதிகம். பனிக்கும் அதே கதைதான். புதிதாக விழுந்த வெண்பனி, தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அழுக்குப் படிந்த பனி பாதியைக்கூட அனுப்பாது. மீதியைத் தானே குடித்துவிட்டு உருகும்.

பூமி சூடாவதுதான் பனி உருகுவதற்குப் பெரிய காரணம். அதோடு கரியும் சேர்ந்துகொள்கிறது. கரி விழுந்தால் பனி கறுக்கிறது. கறுத்தால் உருகுகிறது. உருகினால் தண்ணீர் கிடைத்த பாசி பெருகுகிறது. பாசி பெருகினால் பனி இன்னும் கறுக்கிறது! எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதை இது.

பாசி மேல் குற்றம் இல்லை. அது ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. கரியைக் கொண்டுபோய்ப் போட்டவன் மனிதன்தான்.

வட இந்தியச் சமவெளியில் செங்கல் சூளை எரிகிறது. அறுத்த வயலின் தாள் எரிகிறது. விறகு அடுப்பு எரிகிறது. டீசல் லாரி ஓடுகிறது. அந்தக் கரியை மலைக்காற்று தூக்கிப் போகிறது. இமயமலைப் பனியில் அந்தக் கரியை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

44-ம் நம்பர் சாலை

ஓசூர் வழியாக ஓடும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, நாட்டிலேயே நீளமான சாலை. அதன் ஒரு முனை கன்னியாகுமரி. மறு முனை காஷ்மீரத்து ஸ்ரீநகர். ஓசூரில் தயாரான லாரி, அந்தச் சாலையிலேயே போனால் இமயமலையின் மடிக்கே போய்ச் சேரும்!

ஸ்ரீநகர் வழியாக ஓடும் ஜீலம் ஆற்றில் லிட்டர் என்ற ஆறு கலக்கிறது. லிட்டர் ஆற்றுக்குத் தாய், கோலஹாய் என்ற பனி ஆறு. அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது. அது போய்விட்டால், அங்கே வெயில் காலத்தில் வயலுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?

"அது எங்கேயோ இருக்கிறது. நமக்கு என்ன?" என்று ஓசூர்க்காரர் கேட்கலாமா? கேட்க முடியாது! நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவை எல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்கியதை ஓசூர் மக்கள் பல தடவை பார்த்துவிட்டார்கள். "மேலே உள்ளவர்கள் செய்த தப்புக்கு நாங்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காஷ்மீரத்து விவசாயி கேட்பதும் அதே கேள்விதான்.

பிழைப்பு என்ன ஆவது?

லாரி இல்லாமல் அரிசி வராது, காய்கறி வராது. லாரித் தொழிலை நம்பி ஓசூரில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்தத் தொழிலை மூடு என்று எவரும் சொல்லவில்லை. புகையைத்தான் குறைக்க வேண்டும்.

வழி இருக்கிறது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல், புது வண்டிகளுக்குக் கடுமையான புகை விதி வந்துவிட்டது. புது டீசல் லாரியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் ஸ்கூட்டர்களை இதே கிருஷ்ணகிரி மாவட்டமே செய்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்!

மிச்சம் இருப்பது பழைய லாரிகள். கறுப்புப் புகை கக்கும் வண்டிக்குப் பெயருக்குச் சோதனை செய்து சீட்டுக் கொடுக்கக்கூடாது. ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைப்பவருக்கு வண்டியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். அபராதம் மட்டும் போட்டால் அவர் குடும்பம் பட்டினி கிடக்கும், புகையும் நிற்காது.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. சில வாயுக்கள் போல, கரி நூறு ஆண்டு காற்றில் நிற்பது இல்லை. சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், கீழே விழுந்துவிடும். இன்று நிறுத்தினால் சீக்கிரமே பலன் தெரியும்.

அந்தப் பலன் இமயமலைக்கு மட்டும் அல்ல. லாரிக் கரி முதலில் போகும் இடம் ஓட்டுநரின் நெஞ்சு. அடுத்த இடம், சாலை ஓரத்தில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளையின் நெஞ்சு. பனி ஆறு அதற்குப் பிறகுதான்!