சாண்டோரினி: 8,000 பேர் என்ற வரம்பு தீவைக் காக்குமா?

கிரேக்க நாட்டின் சாண்டோரினி தீவுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 8,000 சொகுசுக் கப்பல் பயணிகள் என்ற வரம்பு 2025-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் முதல், கோடைக்காலத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பயணி ஒருவருக்கு 20 யூரோ கட்டணமும் விதிக்கப்பட்டது. நெரிசலைக் கட்டுப்படுத்துவதே இந்நடவடிக்கைகளின் நோக்கம். ஆனால், தீவின் சிக்கல் பயணிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அவர்கள் இறங்கும் இடத்திலும் நேரத்திலும் உள்ளது.

ஏஜியன் கடலில் அமைந்த சாண்டோரினி ஓர் எரிமலைத் தீவு. கி.மு. 1600-ஐ ஒட்டிய காலத்தில் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பே அதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தது. பிறை போன்ற நிலம், அதன் உட்புறத்தில் கடல் புகுந்த எரிமலைப் பள்ளம், பள்ளத்தின் விளிம்பில் செங்குத்தான பாறைச் சுவர், அதன் உச்சியில் ஃபிரா, ஓயா ஆகிய ஊர்களின் வெள்ளை வீடுகள். உலகெங்கிலும் இருந்து மக்களை ஈர்ப்பது இக்காட்சிதான்.

அங்கு நிரந்தரமாக வசிப்போர் சுமார் 15,500 பேர். 2023-ஆம் ஆண்டு தீவுக்கு வந்தவர்களோ ஏறத்தாழ 34 லட்சம் பேர். அவர்களில் சுமார் 13 லட்சம் பேர், ஏறத்தாழ 800 சொகுசுக் கப்பல்களில் வந்தவர்கள். 2024 ஜூலையில் ஒரே நாளில் மட்டும் சுமார் 11,000 கப்பல் பயணிகள் வந்திறங்கினர்.

ஒரே வாசல்

பெரும் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதற்கான வசதி இத்தீவில் இல்லை. அவை எரிமலைப் பள்ளத்தின் ஆழமான நீரில் காத்திருக்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு அழைத்து வரப்படுகின்றனர். பேருந்துச் சுற்றுலாவில் செல்வோர் ஏதினியோஸ் துறைமுகத்தில் இறங்குகின்றனர். ஏனையோர் ஃபிராவின் அடிவாரத்தில் உள்ள பழைய துறைமுகத்தில் இறங்குகின்றனர். அங்கிருந்து மேலேற மூன்றே வழிகள்: 588 படிகள், கழுதைச் சவாரி, கேபிள் கார்.

கேபிள் காரில் ஒரு முறைக்கு 36 பேர் மேலே செல்லலாம். 3,000 பேர் வரும் ஒரு கப்பலின் பயணிகள் அனைவரும் அதையே நாடினால், 80-க்கும் மேற்பட்ட முறை அது இயங்க வேண்டும். மூன்று, நான்கு கப்பல்கள் ஒரே வேளையில் நின்றால் நேரும் காத்திருப்பைச் சொல்லத் தேவையில்லை. காலையில் மேலே செல்லவும் மாலையில் கீழே இறங்கவும் நீளும் வரிசையிலேயே பலருடைய பயண நேரம் கரைந்துவிடுகிறது.

உணவும் உறக்கமும் கப்பலிலேயே கிடைப்பதால், இப்பயணிகள் தீவில் செலவிடும் தொகை விடுதிகளில் தங்குவோர் செலவிடுவதைவிடக் குறைவு. தெருக்கள், குடிநீர், குப்பை அகற்றல் ஆகியவற்றின் சுமையோ தீவைச் சேர்கிறது. அச்சுமைக்கான ஈடாகக் கட்டணத்தைக் கருதலாம். எனினும், பல நூறு யூரோ செலவிட்டு வருபவரை 20 யூரோ தடுத்துவிடும் என எதிர்பார்க்க இயலாது.

நிலநடுக்கம் சொன்னது

2025 பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் பதிவாயின. அவற்றுள் வலுவானது 5.3 ரிக்டர் அளவை எட்டியது. அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, 11,000-க்கும் மேற்பட்டோர் கப்பல்களிலும் விமானங்களிலும் வெளியேறினர். உயிரிழப்பு ஏதுமின்றி அந்நெருக்கடி தணிந்தது.

அச்சம் ஆதாரமற்றதன்று. பள்ளத்தின் நடுவே உள்ள நேயா கமேனி 1950-இல் கடைசியாக வெடித்தது. அருகே கடலுக்கடியில் உள்ள கொலும்போ எரிமலை 1650-இல் வெடித்தபோது சுமார் 70 பேர் மாண்டனர். 1956-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இம்முறை நடுக்கம் நேர்ந்தது சுற்றுலாப் பயணிகள் மிகக் குறைவாக இருக்கும் குளிர்காலத்தில். அப்போது பாறைச் சரிவு அபாயம் கருதி, தவிர்க்குமாறு அதிகாரிகள் அறிவுறுத்திய இடங்களுள் ஃபிராவின் பழைய துறைமுகமும் ஒன்று. கோடையில் கப்பல் பயணிகள் வரிசையில் நிற்பது அதே இடத்தில்தான்.

அடுத்து என்ன?

தீவு மக்களின் வருவாய் பெரும்பாலும் சுற்றுலாவையே சார்ந்துள்ளது. எனவே, கப்பல்களை முற்றாகத் தடுப்பது எளிதன்று. அதை விரும்புவோரும் குறைவு. 8,000 என்ற வரம்பும்கூட நிரந்தரக் குடிகளில் பாதிக்கும் அதிகமான எண்ணிக்கையே. அவர்கள் காலை முதல் இரவு வரை பிரிந்து வந்தால் தீவு தாங்கும். சில மணி நேரத்திற்குள் ஒருசேர வந்தால் தாங்காது. ஆகவே, கப்பல்களின் வருகை நேரத்தைப் பிரித்து ஒதுக்குவதே வரம்பைப் பயனுள்ளதாக்கும்.

கட்டணத்தால் கிடைக்கும் நிதி எதற்குச் செலவாகிறது என்பதும் முக்கியம். பாறைச் சரிவைத் தடுக்கும் பணிகளுக்கும், பழைய துறைமுகத்தில் சிக்குவோரை விரைந்து வெளியேற்றும் ஏற்பாட்டுக்கும் அது பயன்படுமானால், தீவுவாசிகளுக்கும் பயணிகளுக்கும் ஒருங்கே நன்மை. அடுத்த நடுக்கம் குளிர்காலத்தில்தான் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.