ஆர்எக்ஸ் புராணம் போதும்

போன வாரம் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம். அண்ணன் மகன் இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டியதைத் தவிர ரோட்டில் பெரிய பழக்கம் கிடையாது. “என்ன வண்டி எடுக்கப் போற?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார்: “பழைய ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் ஒண்ணு பாத்து எடுடா தம்பி. அதுல கத்துக்கிட்டவன் எதையும் ஓட்டுவான். இப்ப வர்றதெல்லாம் வண்டியா? வெறும் பிளாஸ்டிக்கு.” சுற்றி இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் அந்தச் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்டினார். பையன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது.

இந்த உபதேசம் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. டீக்கடையில் கிடைக்கும், மெக்கானிக் கடை ஸ்டூலில் கிடைக்கும், செல்போனில் அரை நிமிட வீடியோவாகவும் கிடைக்கும். ஆர்எக்ஸ் போன்ற டூ-ஸ்ட்ரோக் என்றால் இரும்பு, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார், புதிதாக ஓட்டுகிறவனுக்குக் கை பழக அதுதான் சரி. இந்த மூன்றையும் மூச்சு விடாமல் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு, பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 இங்கே உற்பத்தியானது 1985 முதல் 1996 வரை. ஆகக் கடைசியாக வெளிவந்த வண்டிக்கே இன்றைக்கு முப்பது வயசு. அதை வாங்கச் சொல்லும் பையனுக்கு இருபது ஆகவில்லை. அவன் பிறப்பதற்குள் அந்த வண்டி எத்தனை கை மாறியதோ, எத்தனை தடவை விழுந்து எழுந்ததோ, யாருக்குத் தெரியும்? விற்பவரைக் கேட்டால் எல்லாம் சிங்கிள் ஓனர்தான். எல்லாம் ஒரு டாக்டரோ வாத்தியாரோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்துத் துடைத்து ஓட்டியதுதான். இன்ஜின் பிரித்ததே இல்லை. அதற்கும் மேலே ஒன்று உண்டு: “இது ஜப்பான் இன்ஜின் சார்.” ஆரம்பத்தில் கொஞ்ச காலம் ஜப்பானிலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டது உண்மை. ஆனால் இன்றைக்கு விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ஆர்எக்ஸும் அந்த முதல் கப்பலில்தான் வந்ததாம். அப்படியென்றால் இந்த வண்டியைத் தயாரித்த எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே பத்து வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தது? முறுக்கு சுட்டதா?

டூ-ஸ்ட்ரோக் மகிமை பேசுகிறவர்களுக்கு நான் காட்டும் ஆள் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாள் முதல், இந்த மாநிலத்தில் டூ-ஸ்ட்ரோக்கை நம்பிச் சோறு தின்றவர்கள் ரேஸ் விட்ட பையன்கள் இல்லை. பால்காரர், கீரைக்காரர், மீன் கூடை கட்டியவர், கேஸ் சிலிண்டர் ஏற்றியவர் ஆகியோர்தான். எங்கள் பால்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் இரண்டு பக்கமும் கேன் கட்டி, முன்னால் ஒரு கேனைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, விடியற்காலையில் புகை கக்கிக்கொண்டே வருவார். 2015-இல் ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை எடுத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “மைலேஜ் கூட, ஆயில் கலக்கிற வேலை இல்ல” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டூ-ஸ்ட்ரோக்கோடு வாழ்ந்தவர் அவர். இவர்களோ அதன் சத்தத்தோடு மட்டும் வாழ்ந்தவர்கள்.

“எந்த மெக்கானிக்கும் பார்ப்பார்” என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோன்ற வால்வு ஏற்பாடு கிடையாது, பாகங்கள் குறைவு, உண்மைதான். ஆனால் அதன் உயிர் எண்ணெயில் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கீழே ஊற்றிய எண்ணெய் சுற்றிச் சுற்றி வேலை செய்யும். இதில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய் எரிந்துவிடும். ஆர்எக்ஸில் அதற்கென்று தனி ஆயில் டேங்கும், ஒரு சின்ன பம்ப்பும் உண்டு. ஆக்ஸிலேட்டரைத் திருகுவதற்கும் இன்ஜின் சுற்றும் வேகத்துக்கும் தக்கபடி அது எண்ணெய் ஊட்டும். அந்த பம்ப் பழசானதும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கழற்றி எறிந்துவிட்டுத் துளையை அடைத்துவிடுகிறார்கள். “பெட்ரோல்லயே கலந்துக்கலாம் சார், பம்ப்பெல்லாம் தொல்லை.” சரி, கலந்தே ஓட்டுகிறார். பிறகு வண்டியை விற்கிறார். வாங்குகிற பையனிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார். பையன் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்க்கிறான். ஆயில் டேங்கில் எண்ணெய் ததும்புகிறது. பங்க்கில் போய் வெறும் பெட்ரோல் போடுகிறான். டேங்கில் ததும்பும் எண்ணெயில் ஒரு சொட்டுகூட இன்ஜினுக்குள் போவதில்லை.

அப்புறம் நடப்பதற்கு மெக்கானிக் பாஷையில் ‘சீஸ்’ என்று பெயர். சூடேறிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டு போட்டதுபோல் நின்றுவிடும். அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடித்தவன் தப்பிப்பான். பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்கள் இடது கையில் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது இதனால்தான். கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும், பிரேக் எப்போது பிடிக்க வேண்டும் என்றே இன்னும் குழம்பிக்கொண்டிருக்கும் பையனுக்கு அந்த இரண்டு விரல் எங்கிருந்து வரும்?

எண்ணெய் சரியாகப் போனாலும் விடாது. கிராங்க் சீல் ஒன்று உண்டு, ரப்பர் வளையம். காசு கொஞ்சம்தான். ஒரு பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து இன்ஜின் காய்ந்து எரியும். மறுபக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். இதைப் புகையின் நிறத்தையும் ஐடிலிங் சத்தத்தையும் வைத்துச் சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கடையை மூடிவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது. இப்போதைய பையன்கள் ஸ்கூட்டரைப் பிரிப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் ஆர்எக்ஸைத் தள்ளிக்கொண்டு போனால் முதலில் செல்ஃபி எடுக்கிறார்கள். உதிரிபாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கு அலைந்தால் ‘ஒரிஜினல்’ என்று பெட்டியில் அச்சடித்த பிஸ்டன் கிடைக்கும். அச்சடித்தது மட்டும் ஒரிஜினல்.

அடுத்தது, “அதில் கத்துக்கிட்டால் எதையும் ஓட்டலாம்.” கிணற்றில் தூக்கிப் போட்டு நீச்சல் கற்றுக்கொடுத்த தலைமுறையின் பேச்சு இது. கரையேறியவர்கள்தான் இன்றைக்கு வந்து கதை சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கு உறைப்பதே இல்லை. ஆர்எக்ஸ் 98 சிசிதான். ஆனால் 11 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய நூறு கிலோ. தெருவுக்குத் தெரு நிற்கும் நூறு சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் எட்டு குதிரைத்திறனைச் சுற்றித்தான் நிற்கின்றன. அதுவும் டூ-ஸ்ட்ரோக்கில் சக்தி சீராக வராது. கீழே ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்; ஒரு கட்டம் தாண்டியதும் குபீரென்று வரும். முதல் கியரில் கிளட்சைத் தடக்கென்று விட்டால் முன்சக்கரம் மேலே. இதைத்தான் அவர்கள் ‘கெத்து’ என்கிறார்கள். நிறுத்துவதற்கு? முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஆக்ஸிலேட்டரை விட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். இது பெயருக்குக்கூடப் பிடிக்காது.

மலையில் இது இன்னும் மோசம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடிவிடுகிறோம். இன்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருப்பதால் எண்ணெயும் குறைந்துவிடுகிறது. சீஸ் ஆவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இடையிடையே ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். காதுகுத்தில் சத்தம் போட்டுக் காட்டியவர் இதைச் சொன்னாரா? சொல்லவில்லை. சத்தம் மட்டும்தான் போட்டார்.

ஆர்எக்ஸையாவது விட்டுவிடலாம். ராஜ்தூத் 350 வாங்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் அதன் மூலமான யமஹா ஆர்டி 350 முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு ஓடியது. இங்கே வந்தபோது டிஸ்க் போய் டிரம் வந்தது. ஓட வைப்பது ஜப்பான், நிறுத்துவது கடவுள். அந்த வண்டியையும் ‘கத்துக்கிறதுக்கு’ எடுக்கச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

காகிதக் கதை தனி. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். பசுமை வரி வேறு. ஆர்சியில் இருக்கும் பெயர் யாருடையது என்று பாருங்கள். பல வண்டிகளில் அந்த ஆள் போய்ச் சேர்ந்தே பத்து வருஷம் ஆகியிருக்கும். படிவம் 29, 30-இல் கையெழுத்து போட யார் வருவார்? “அதெல்லாம் புரோக்கர் பாத்துக்குவார்” என்பார்கள். புரோக்கர் பார்த்துக்கொள்வது உங்கள் பர்ஸை. சேசிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்க்காமல், ஆர்சியோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுத்தவன், நாளைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து யோசிப்பான். இத்தனைக்கும் விலை லட்ச ரூபாய், அதற்கு மேலும் கேட்கிறார்கள். முப்பது வயசு இரும்புக்கு, புது வண்டியின் விலை!

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வண்டியை வாங்கியவன் அப்படியே ஓட்டுவதில்லை. முதல் வேலையாக சைலன்சரை மாற்றுகிறான். ராத்திரி பதினோரு மணிக்கு, குழந்தை தூங்கும் தெருவில், ஒரு கைக்குட்டையளவு புகைக்கு ஒரு கல்யாண மண்டபத்துச் சத்தம். இதே கும்பல்தான் கார்த்திகையில் பட்டாசு போட்டால் நாய் பயப்படுகிறது என்று ஸ்டேட்டஸ் போடுகிறது. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்த்து வைத்துப் போகிறவனும் பெரும்பாலும் இவன்தான். பழைய வண்டிக்கு ஹெல்மெட் போட்டால் அழகு கெட்டுவிடுமாம்.

புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு வேண்டியது சொன்ன பேச்சு கேட்கிற வண்டி. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், 125 சிசி வரை குறைந்தபட்சம் சிபிஎஸ் (ஒரு பிரேக்கை அமுக்கினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு) கட்டாயமானது. பையன் பதறி பிரேக்கை அமுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். 2019-க்குப் பிந்திய வண்டி செகண்ட்ஹேண்டிலேயே கிடைக்கிறது, ஆர்எக்ஸைவிடக் குறைந்த காசில். மிச்சப் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட் ஒன்று. அதில் நாலு வருஷம் ஓட்டட்டும், மழையில் ஓட்டட்டும், லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகக் கற்கட்டும். பிறகு டூ-ஸ்ட்ரோக் ஆசை மிச்சமிருந்தால் அவன் காசு, அவன் பாடு. பால்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

அதுவரை, உங்கள் வீட்டுப் பையனிடம் யாராவது “ஆர்எக்ஸ்ல கத்துக்கடா” என்று ஆரம்பித்தால் வண்டியைப் பற்றி வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் தம் சொந்தப் பிள்ளைக்கு என்ன வண்டி வாங்கிக் கொடுத்தார் என்று மட்டும் நாலு பேர் முன்னால் கேளுங்கள்.