தனி ஆளுக்கு வீடு இல்லையா?

சிவகாசியில் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘எத்தனை பேர்?’ ‘நான் மட்டும்தான்’ என்றால் பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அச்சகத்தில் டிசைனராக இருக்கும் இளைஞர், மருத்துவமனைச் செவிலியர், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர், கணவரை இழந்த பின் பட்டாசு ஆலைக்குப் போகும் ஐம்பது வயதுப் பெண் என எல்லோருக்கும் இதே நிலைதான். 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்த ஊரில், தனியாக வாழ்பவர் தன் சம்பளத்துக்குள் ஓர் அறை பிடிப்பது இன்னும் சிபாரிசில்தான் நடக்கிறது.

வீட்டுக்காரர்களின் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. மற்ற ஊர்களில் தனி ஆள் என்றால் நடத்தையைப் பற்றிய சந்தேகம் மட்டும்தான். இங்கே வெடிமருந்தைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. வாடகை வீட்டில் திருட்டுத்தனமாகச் சரவெடி பின்னி, அது வெடித்து உயிர் போன செய்திகளைப் படித்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த வேலை குடும்பமாக உட்கார்ந்தும் நடக்கிறதே! தாலியைப் பார்த்துச் சாவி கொடுப்பதால் கரிமருந்து வீட்டுக்குள் வராமல் போய்விடாது.

தனியாரின் தயக்கத்தைவிட அரசின் பாராமுகம்தான் பெரிய சிக்கல். நம் வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் சொந்த வீட்டையே குறிவைக்கின்றன. கலைஞரின் கனவு இல்லம் மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. அதற்குச் சொந்த இடம் வேண்டும். இடமே இல்லாத ஒற்றை ஆளுக்கு அதில் என்ன இருக்கிறது?

2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழகத்தில் 2024 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், சுமார் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. நம் விருதுநகர் மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் வரவிருக்கும் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்காவிலும் 10,000 படுக்கைகள் கொண்ட தங்குமிடம் திட்டத்தில் உள்ளது. வரவேற்கிறோம். ஆனால் இவை ஆலைக்காகக் கட்டப்படும் படுக்கைகள். வேலை போனால் படுக்கையும் போய்விடும். மில் விடுதிக்குள் அடைபட்டு, வார்டனிடம் அனுமதி வாங்கி வெளியே வந்த பெண்களின் கதை சுமங்கலித் திட்டக் காலத்திலிருந்தே இந்தப் பகுதிக்குத் தெரியும். முதலாளியே வீட்டுக்காரராகவும் இருந்தால் கூலி உயர்வு கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பட்டாசுத் தொழிலாளிக்கு விடுதி எந்த வகையிலும் பொருந்தாது. தீபாவளி முடிந்தால் ஆலைகளுக்கு விடுமுறை. மழை பெய்தால் வேலை இல்லை. 2018 அக்டோபரில் பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஏறக்குறைய நான்கு மாதம் ஆலைகள் மூடியே கிடந்தன. வாடகைக்கு மட்டும் விடுமுறை கிடையாது. விதவை உதவித்தொகையோ மாதம் 1,200 ரூபாய்தான்.

வாடகை ஒப்பந்தம் இல்லாததால் வரும் இழப்பு வெளியே தெரிவதில்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை. தனி ரேஷன் கார்டு கிடைப்பது கடினம். கார்டு இல்லாவிட்டால் மகளிர் உரிமைத் தொகைக்கும் வழியில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று ஓர் ஓட்டையையும் விட்டுவைத்தது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்?

அரசே கட்டி, அரசே வாடகைக்கு விட வேண்டும் என்பது நம் கோரிக்கை. கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், வெளிமாநிலத் தொழிலாளர் 620 பேருக்கான ‘அப்னா கர்’ விடுதி 2019-லேயே திறக்கப்பட்டது. சிவகாசிக்குத் தேவை அப்படியான விடுதிகூட அல்ல. பூட்டக்கூடிய ஓர் அறை, சொந்த அடுப்பு, தண்ணீர், பெயர் போட்ட ஒப்பந்தம் வேண்டும். ஆலைப் பேருந்து ஏறும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அது அமைய வேண்டும். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர் நமக்குக் காட்டிவிட்டது.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டட்டும், மாநகராட்சி பராமரிக்கட்டும். உதவித்தொகையை நம்பி வாழ்பவருக்கு வாடகை அதில் கால் பங்கை, அதாவது 300 ரூபாயைத் தாண்டக்கூடாது. ஆலை மூடியிருக்கும் மாதங்களின் பாக்கியை வேலை தொடங்கிய பின் தவணையில் வாங்க விதி வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 2024 தீபாவளிக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய்க்கு விற்பனை என்று உற்பத்தியாளர்களே சொன்ன தொழில் இது. அதில் சிறு பங்கைத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியாக இதற்குத் திருப்புவது பெரிய சுமையல்ல.

2012-ல் முதலிப்பட்டி, 2024-ல் செங்கமலப்பட்டி என்று வெடி விபத்துகள் தொடர்ந்த பிறகு, இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 2024 நவம்பரில் அறிவித்தார். பிள்ளைகள் படிக்கப் போனபின் வீட்டில் தனியாக மிஞ்சும் தாயை அந்த அறிவிப்பு தொடவில்லை. புதிய குடியிருப்புகளில் அவருக்கே முதல் இடம் தர வேண்டும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள அரசு நிலங்களின் பட்டியலை, வரும் தீபாவளிக்கு முன் மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும்.