கையெழுத்துக்கு முன் ஒரு வரைபடம்

மெல்பேர்ன் ஃபிட்ஸ்ராய் தோட்டத்தில் நிற்கும் குக்ஸ் காட்டேஜ் இந்த ஊரில் கட்டிய வீடு இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், கிரேட் அய்ட்டன் கிராமத்தில் இருந்தது. கடலோடி ஜேம்ஸ் குக்கின் பெற்றோருடையது. நிலைக்கு மேலே 1755 என்று பொறித்திருக்கிறது. அது விலைக்கு வந்தபோது மெல்பேர்ன் தொழிலதிபர் ரஸ்ஸல் கிரிம்வேட் 800 பவுண்டு கொடுத்து வாங்கினார். செங்கல் செங்கலாகப் பிரித்து, எண் போட்டு, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் கப்பலேற்றி, 1934இல் விக்டோரியாவின் நூற்றாண்டு விழாவுக்கு இங்கே எழுப்பினார்கள். சுவரில் படர்ந்த ஐவிக் கொடியைக்கூட வெட்டிக் கொண்டுவந்து நட்டார்கள்.

குக் அதில் குடியிருந்ததற்கு ஆதாரம் இல்லை. வுருண்ட்ஜெரி மக்களின் நிலத்தில் அவர் பெயரால் ஒரு வீட்டை நிறுத்தியது இன்னும் ஆறாத புண். அந்த வீட்டின்மேல் பெயின்ட் வீசியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டட வரைவுத் தொழிலில் இருப்பவன் என்பதால், அந்த எண்களை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது அவை நினைவுக்கு வரக் காரணம் எங்கள் பூர்வீக வீடு. அது செட்டிநாட்டில், தேவகோட்டைப் பக்கம். ஐயாவின் அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்துக் கட்டியது. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், உள்ளே ஆத்தங்குடிக் கல், கண்ணாடிபோல் வழவழக்கும் சுண்ணாம்புச் சுவர், ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் நீளம். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அங்கே போட்ட முதல் போயிற்று. வீடு நின்றது, பங்குகள் பெருகின. சென்னை, சிங்கப்பூர், சிட்னி, மெல்பேர்ன் என்று சிதறிய பங்காளிகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூடினோம். இப்போது இடித்து விற்க ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது.

விற்பதை நான் எதிர்க்கவில்லை. ஓடு மாற்றவும் ஒழுகல் அடைக்கவும் ஆகும் செலவை யார் தாங்குவது? என் வருத்தம் வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூண்களும் கதவுகளும் சாத்தி வைத்திருக்கும். எந்த ஊர், எந்த வீடு, முகப்பா இரண்டாங்கட்டா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. தூண் பிழைத்துவிடுகிறது, வீடு போய்விடுகிறது. கூரை எந்தச் சாய்வில் மழையை வளவுக்குள் இறக்கியது, அங்கிருந்து தண்ணீர் எந்த வழியாக ஊருணிக்குப் போனது என்பதையெல்லாம் தனித்தூண் சொல்லாது. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கின்றன. பட்டியல் கடப்பாரையைத் தடுக்காது.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்காது. ஆனால் அளவெடுத்து வரைவது எல்லா வீட்டுக்கும் முடியும். கட்டுக்குக் கட்டு தரைப்படம், குறுக்குவெட்டுப் படம், தூணுக்கும் நிலைக்கும் எண், ஒவ்வொன்றுக்கும் புகைப்படம். தேர்ந்த வரைவாளர் இரண்டு பேருக்குச் சில வார வேலை. ஒரு குடும்பம் மெல்பேர்னிலிருந்து ஊருக்குப் போய்வரும் விமானச் செலவைவிட இது பெரிய தொகையாக இருக்காது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் இதை ஏற்கலாம், ஏற்க வேண்டும்.

என் பங்காளிகளுக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: அளவெடுப்பு முடிந்து, வரைபடத்தின் ஒரு பிரதி எல்லாப் பங்குக்கும் வந்து சேரட்டும், அன்றைக்கே கையெழுத்திடுகிறேன். செலவில் என் பங்கை இந்த வாரமே அனுப்புகிறேன்.