ஐந்து மணிக்குப் பிறகு புக்சோன்

2025 மார்ச் 1 முதல், சியோல் நகரத்தில் ஒரு குடியிருப்புத் தெருவை மாலை 5 மணிக்கு மேல் வேடிக்கை பார்த்தால் 1,00,000 வோன் அபராதம். நம் பணத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். காலை 10 மணிக்கு முன்பு போனாலும் இதே தண்டம்தான். அங்கே குடியிருப்பவர்கள், அவர்கள் வீட்டு விருந்தாளிகள், கடைக்காரர்கள், உள்ளேயிருக்கும் விடுதிகளில் அறை எடுத்தவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு இல்லை.

இடம் புக்சோன். கியோங்போக்குங், சாங்தொக்குங் என்ற இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே மேட்டில் ஏறிச் செல்லும் பழைய பகுதி. ஓட்டுக் கூரை போட்ட ஹானோக் வீடுகள் இருபுறமும் நெருங்கி நிற்க, சரிவின் உச்சியில் நின்று திரும்பினால் கூரைகளுக்கு அப்பால் நம்சான் கோபுரம் தெரியும். கொரியத் தொடர் பார்க்கும் நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இந்தக் காட்சி எங்காவது இருக்கும். சியோல் போகிறவர் பட்டியலில் அரண்மனைக்கு அடுத்த வரி இதுதான். கொரிய மரபு உடையான ஹான்போக்கை வாடகைக்கு எடுத்து உடுத்தினால் அரண்மனைக்கு 3,000 வோன் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டாம். அதே உடையில் அப்படியே மேடேறிப் படம் எடுத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

புக்சோனில் குடியிருப்பவர்கள் சுமார் 6,000 பேர். 2023-இல் வந்துபோனவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். வீட்டில் நாலு பேர் என்றால், அந்த ஒரு குடும்பத்தின் பங்குக்கு ஆண்டில் நாலாயிரம் அழையா விருந்தாளிகள் வருகிறார்கள்.

ஹானோக் வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் இந்த எண்ணின் கனம் புரியும். வாசல் கதவு நேரே சந்தில் திறக்கிறது. உள்ளே ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள், மரச்சட்டத்தில் காகிதமோ கண்ணாடியோ போட்ட கதவுகள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கட்டிய வீடு. சந்தில் நாலு பேர் சிரித்தால் முற்றத்தில் நின்று சிரித்த மாதிரி கேட்கும். சரிவான தெருவில் சக்கரப் பெட்டி உருளும் சத்தம் அறைக்குள் படுத்திருப்பவர் தலைமாட்டில் கேட்கும். கதவு லேசாகத் திறந்திருந்தால் தள்ளிப் பார்க்கிறார்கள். சுவருக்கு மேலே கை நீட்டி முற்றத்தைப் படம் எடுக்கிறார்கள். குடித்து முடித்த காப்பிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இதில் பயணியை மட்டும் குறை சொல்லக் கூடாது. 1995-இல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் வந்தபின், வீட்டுக் குப்பையைத் தெருத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள் என்று சியோல் தன் தெருத் தொட்டிகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. வெளியூர்க்காரர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார். வைத்த இடம் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் என்பது அவருக்கு உறைப்பதில்லை.

உறைக்காததற்குக் காரணம், அதை அவர் வீடாகவே நினைக்கவில்லை. ராஜா காலத்துத் தெருவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் பலரும் வருகிறார்கள். உண்மையில் இங்குள்ள ஹானோக்குகளில் பெரும்பாலானவை 1920களிலும் 30களிலும் கட்டியவை. ஜொங் சேக்வோன் என்ற கட்டடத் தொழிலதிபர், பழைய பிரபுக்களின் பெரிய மனைகளை வாங்கிச் சிறுசிறு மனைகளாகப் பிரித்து, வீடு தேடி நகரத்துக்கு வந்த கொரியர்களுக்காக வரிசையாகக் கட்டி விற்றார். ஜப்பானிய ஆட்சி நடந்த காலம் அது. ஜப்பானியர் குடியிருப்புகள் வடக்கு நோக்கிப் பெருகிக்கொண்டிருந்தபோது இங்கே கொரியர்கள் கொரிய வீட்டிலேயே இருக்கட்டும் என்பதும் அவர் நினைப்பில் இருந்தது. கொரிய மொழிக் கழகத்துக்குக் கட்டடம் கொடுத்து, அதற்காகத் துன்பமும் பட்டவர். ஆள் குடியிருக்க வேண்டும் என்றே எழுந்த தெரு இது. ஆள் போய்விட்டால், கட்டிய நோக்கம் போய்விடும். கூரை மட்டும் நிற்கும்.

இப்படிச் சொன்னதும் எதிர்த்தரப்பு வாதமும் வரும், அதில் நியாயம் உண்டு. 2001 முதல் சியோல் மாநகரம் ஹானோக்குகளைப் பதிவு செய்து, பழுதுபார்க்க மானியமும் கடனும் கொடுத்துவருகிறது. வரிப்பணத்தில் ஓடு மாற்றிய கூரையைப் பார்க்க வரிகட்டியவருக்கு உரிமை இல்லையா? பொதுத் தெருவில் நடக்க யார் தடை போடுவது? ஆறு மணிக்குத் தெருவில் நிற்கும் ஒருவர் பயணியா, யாருடைய மச்சானா என்று சீருடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இவை வீம்புக் கேள்விகள் அல்ல. ஆனாலும் பகலில் ஏழு மணி நேரம் திறந்திருக்கும் தெருவை அடைத்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018-இலேயே இதே நேர ஒழுங்கை வேண்டுகோளாக வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அதன் பிறகுதான் 2024 ஜூலையில் ஜோங்னோ வட்டார நிர்வாகம் இதைச் சிறப்பு மேலாண்மைப் பகுதியாக அறிவித்தது. நாட்டிலேயே முதல் அறிவிப்பு அது.

அறிவிப்புக்குக் காத்திராமல் கையில் தூரிகை எடுத்த ஊரும் சியோலிலேயே உண்டு. இஹ்வா மேட்டுக் குடியிருப்பில் 2006-இல் அரசு ஆதரவோடு சுவரோவியங்கள் வரைந்தார்கள். நலிந்த பகுதிக்கு வெளிச்சம் வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வெளிச்சம் வந்தது, கூடவே கூட்டமும் வந்தது. மீன் வரைந்த படிக்கட்டும் பூ வரைந்த படிக்கட்டும் உலகப் புகழ் பெற்றன. 2016 ஏப்ரலில் குடியிருப்பவர்களில் சிலர் சாம்பல் நிறச் சாயத்தைப் பூசி இரண்டையும் மறைத்தார்கள். கலையை அழித்தார்கள் என்று திட்டியவர்கள் உண்டு. படிக்கட்டில் ராத்திரி பகல் பாராமல் கேட்கும் கூச்சலோடு இருந்து பார்த்தவர்கள் திட்டவில்லை.

புசானின் காம்சோன் வேறு வழி போனது. கொரியப் போரில் ஓடிவந்தவர்களும் தேகுக்தோ என்ற சமயத்தைப் பின்பற்றியவர்களும் மலைச் சரிவில் அடுக்கடுக்காக எழுப்பிய குடியிருப்பு. முன்வீடு பின்வீட்டுக்குக் காட்சியை மறைக்காதபடி கட்டியிருக்கிறார்கள். 2009-இல் அங்கும் ஓவியமும் சிற்பமும் வந்தன. குட்டி இளவரசன் சிலையோடு படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. ஆனால் அங்கே குடியிருப்பவர்களின் சங்கம் தானே கடை நடத்துகிறது, முத்திரை குத்தும் வரைபடத்தை விற்கிறது, அந்தக் காசு ஊர் வேலைக்குப் போகிறது. குறை இல்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். சத்தம் கேட்பவர் பையிலும் நாலு காசு விழுகிறது, அவ்வளவுதான்.

புக்சோனில் இந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. ஹான்போக் வாடகைக் கடை, காப்பிக் கடை, பயண முகவர், படப்பிடிப்புக் குழு, பயணிகள் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும் அரசு என எல்லாருக்கும் அந்தச் சரிவில் ஆதாயம் உண்டு. 2019-இல் கொரியாவுக்கு 1.75 கோடி வெளிநாட்டவர் வந்தார்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2024-இல் அது மறுபடி 1.63 கோடியைத் தொட்டது. இந்தக் கூட்டத்தை அழைத்தவர்கள் பலர். கூட்டம் கூடியபின் பொறுப்பு யாருடையது என்றால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். நடத்துபவர் என்று எவரும் இல்லாத கூட்டம் எதில் முடியும் என்பதை 2022 அக்டோபர் 29 இரவு இதேவோன் சந்து நெரிசலில் 159 உயிர்களைக் கொடுத்து அறிந்த நகரம் இது. புக்சோன் கூச்சலை அந்தத் துயரத்தோடு ஒப்பிடவில்லை. கூட்டத்துக்குப் பொறுப்பாளி வேண்டும் என்பதில் இனி அங்கே யாரும் வாதாட முடியாது என்கிறேன்.

அபராதச் சீட்டு கடைசி ஆளின் கையில், அதாவது பயணியின் கையில், கொடுக்கப்படுகிறது. அவரை மாலை நாலேமுக்காலுக்கு அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டவருக்கும் பங்கு வேண்டும். வாடகைப் பேருந்துகளை அந்தப் பகுதிக்குள் விடாமல், 2026 முதல் மீறுகிறவர்களுக்குத் தண்டம் போடும் ஏற்பாடு அந்த வகையில் சரியானது. முகவர்கள் தம் நிரல்களிலேயே நேரத்தை அச்சிட வேண்டும். ஹானோக்கின் அமைப்பைப் பார்த்தால் போதும் என்பவரை நம்சான் அடிவாரத்துக்கு அனுப்பலாம். 1998-இல் ஐந்து பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தித் திறந்த நம்சான்கோல் ஹானோக் கிராமம் அங்கே இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஹானோக்குக்குள் உட்கார்ந்து காப்பி குடிக்க ஆசையா, இக்சோன்-தோங் இருக்கிறது. அதுவும் ஜொங் சேக்வோன் கட்டிய தெருதான். இன்று ஏறக்குறைய முழுக்கக் கடைகள். சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல அங்கே குடியிருப்பவர் எத்தனை பேர் மிச்சம்?

போகிறவர்களுக்கு, நம்மவர்கள் உட்பட, கேட்பது மிகக் குறைவு. பெட்டியை விடுதியிலோ ரயில் நிலையப் பெட்டகத்திலோ வைத்துவிட்டு வாருங்கள். கோப்பையைக் கையோடு கொண்டுபோங்கள். கதவைத் தள்ளாதீர்கள். காணொளிக்குக் குரல் கொடுப்பதை அறைக்குப் போய்ச் செய்யலாம்.

புக்சோன்காரர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஐந்து மணிக்கு மேல் உள்ளே நிற்கலாம் என்ற விலக்கு, அங்குள்ள விடுதி அறைக்கே ஒரு மதிப்பைக் கூட்டுகிறது. வீட்டை விடுதியாக்கினால் லாபம். ஆக்கியவர் வேறு எங்காவது அடுக்ககத்தில் நிம்மதியாகத் தூங்கலாம். இரவு பதினோரு மணிக்குச் சக்கரப் பெட்டியோடு வரும் விருந்தாளியின் சத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒரு சந்தில் எத்தனை வீடுகள் விடுதியாகலாம், இரவு எத்தனை மணிக்குள் அறைச்சாவி வாங்க வேண்டும், வருமானத்தில் தெருவுக்கு எவ்வளவு என்பதை ஜோங்னோ நிர்வாகம் உத்தரவாகப் போட்டால் வழக்கு வரும். அண்டைவீட்டார் உட்கார்ந்து எழுதிக்கொண்டால்தான் அது நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு விடுதி வைத்திருப்பவர்களும் வர வேண்டும்.