மணிகளை மறந்த பட்டியல்

மருந்து மூலப்பொருள்களை உள்நாட்டிலேயே தயாரிக்க 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் 2020-இல் அறிவிக்கப்பட்டபோது நாமும் வரவேற்றோம். கொரோனாவும் சீன எல்லைப் பதற்றமும் சேர்ந்து வந்த ஆண்டு அது. பெனிசிலினுக்குச் சீனாவிடம் கையேந்தும் நிலை மாற வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் 41 பொருள்கள் கொண்ட அந்தப் பட்டியலில் பெனிசிலின் ஜி இருக்கிறது; அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் நொதி இல்லை, அந்த நொதியைத் தாங்கும் பாலிமர் மணியும் இல்லை. இது தெரியாமல் விடுபட்டது என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

குழந்தைக்குக் காதுவலி என்றால் மருத்துவர் அமாக்சிசிலின் எழுதித் தருகிறார். கொதித்து ஆறிய நீரைப் புட்டியின் கோடுவரை ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறோம். அந்தப் பொடி பெனிசிலின் ஜி-யிலிருந்து நேராக வந்துவிடுவதில்லை. பூஞ்சை தரும் பெனிசிலினை முதலில் உடைத்து 6-ஏபிஏ என்ற நடுப்பொருளை எடுக்க வேண்டும். அதிலிருந்துதான் அமாக்சிசிலினும் ஆம்பிசிலினும் பிறக்கின்றன. ஒரு காலத்தில் இந்த உடைப்புக்கு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் டைகுளோரோமீத்தேனும் தேவைப்பட்டன. சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிரூட்ட வேண்டியிருந்தது. இன்று பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதி அதே வேலையை வெறும் தண்ணீரில், நம் ஊர் வெயிலை மிஞ்சாத சூட்டில் செய்து முடிக்கிறது.

நொதியை அப்படியே நீரில் கரைத்துவிட்டால் ஒரு முறைக்கு மேல் பயன்படாது, மருந்தோடு கலந்து போய்விடும். எனவே அதைப் பாலிமர் மணிகளில் பிணைக்கிறார்கள். கையில் அள்ளினால் ஈர ரவைபோல் இருக்கும் அக்ரிலிக் மணிகள் அவை. மணியெங்கும் நுண்துளைகள், துளைச் சுவர்களில் நொதியை இறுகப் பற்றிக்கொள்ளும் வேதிக் கொக்கிகள். தொட்டியில் மணிகளையும் பெனிசிலின் கரைசலையும் சேர்த்துக் கலக்குகிறார்கள். உடையும்போது அமிலம் வெளிப்படும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதைச் சமன்செய்கிறார்கள். வேலை முடிந்ததும் அடியிலுள்ள சல்லடை வழியே திரவம் வடிகிறது, மணிகள் தங்கிவிடுகின்றன. அடுத்த கரைசலை ஊற்றலாம். நல்ல மணி நூற்றுக்கணக்கான முறை உழைக்கும். மட்டமான மணியோ கலக்கியின் அடியில் நொறுங்கித் தூளாகிச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். கொக்கி தளர்ந்தால் நொதி கசியும். 6-ஏபிஏ கட்டுபடியாகும் விலைக்குக் கிடைக்குமா என்பது இந்த மணி எத்தனை முறை தாங்கும் என்பதைப் பொறுத்தது.

இதைத்தான் பட்டியல் போட்டவர்கள் மதிக்கவில்லை. பூஞ்சை வளரும் பெனிசிலின் தொட்டிக்கு ஊக்கத்தொகை கொடுத்துவிட்டு, அதை மருந்தாக்கும் படியைச் சந்தையின் கையில் விட்டார்கள். 6-ஏபிஏ-யும் அவர்கள் பட்டியலில் இல்லை. விளைவு என்ன? இங்கே பெனிசிலின் செய்தாலும், வெளியிலிருந்து 6-ஏபிஏ மலிவாக வந்து இறங்கினால் நம் பெனிசிலினை வாங்க ஆள் இருக்காது. நெல்லுக்கு மானியம் கொடுத்து, அரிசி ஆலையை மறந்தால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்? நம் நாட்டில் இந்த நொதியைத் தயாரிக்கவும் மணியில் பிணைக்கவும் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக உழைத்து அந்தக் கைப்பக்குவத்தைச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வகக் குடுவையில் வெற்றி பெற்ற மணியை ஆலைத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய இடத்தில்தான் அவர்கள் தனித்து விடப்படுகிறார்கள். அந்த இடத்துக்குத்தான் அரசின் கை தேவை.

இது இன்று நேற்று வந்த அலட்சியம் அல்ல. 1954-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு பிம்ப்ரியில் பெனிசிலின் ஆலையை எழுப்பிய நாடு இது. ரிஷிகேஷில் சோவியத் துணையோடு ஆன்டிபயாட்டிக் ஆலையை நிறுவிய நாடும் இதுதான். இரண்டையும் நலியவிட்டவர்கள், 2016-இல் ஒன்றை விற்கவும் மற்றொன்றை மூடவும் முடிவெடுத்தார்கள். தடுப்பூசி தயாரித்துவந்த கிண்டி பிசிஜி ஆய்வகத்தையும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தையும் நாம் மறக்கவில்லை. குறைகளைக் களையப் பணமும் அவகாசமும் கொடுத்திருக்க வேண்டிய இடத்தில், 2008-இல் உற்பத்தி உரிமத்தையே முடக்கினார்கள். அவற்றிலிருந்து தடுப்பூசி வரத்து நின்றது. பிறகு செங்கல்பட்டில் தடுப்பூசி வளாகம் ஒன்றைக் கட்டினார்கள். 2021-இல் மக்கள் தடுப்பூசிக்கு விடிய விடிய வரிசையில் நின்றபோது அந்த வளாகம் ஒரு குப்பி மருந்துகூடத் தராமல் கிடந்தது. கட்டடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, உற்பத்தி இல்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே பிழை. கண்ணுக்குத் தெரியும் பெரிய தொட்டியும் கட்டடமும் அடிக்கல்லும் அவர்களுக்குப் போதும். அவற்றை இயங்கவைக்கும் சிறிய பொருளும், அதை அறிந்த மனிதர்களும் கணக்கில் வருவதே இல்லை. முடிவெடுத்தவர்கள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. விலையை நோயாளி கொடுக்கிறார். அடுத்த பெருந்தொற்றிலோ அடுத்த எல்லை மோதலிலோ 6-ஏபிஏ கப்பல் நின்றுபோனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமாக்சிசிலின் இல்லை என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பும் செவிலியரிடம் இந்தப் பட்டியலைக் காட்டி என்ன சொல்லப் போகிறார்கள்?

பட்டியலை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நொதியும் அதைத் தாங்கும் பாலிமரும் மருந்துப் பாதுகாப்பின் அங்கம் என்று ஏற்க வேண்டும். ஆய்வகத்தையும் ஆலையையும் ஒரே மேசையில் உட்காரவைத்து வழி காண வேண்டும். பெனிசிலின் தொட்டியோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், அந்தத் தொட்டியும் நாளை சும்மா கிடப்பதைப் பார்க்க நேரும்.